ஒற்றைச் செல்லும் ஓராயிரம் துளையும்

(உயிரியல் பிரிவு மாணவியர், பதினோராம் வகுப்பு)

விலங்கியல் நூலைத் திறந்ததும் நம்மை முதலில் வரவேற்பவை யானையோ சிங்கமோ அல்ல. கண்ணுக்குத் தெரியாத புரோட்டோசோவாக்களும், பார்த்தால் விலங்கு என்றே தோன்றாத கடற்பஞ்சுகளுமே. புத்தகத்துக்குப் போட்ட புது அட்டையின் வாசனை மாறுமுன் நடத்தி முடிக்கப்படும் பாடங்கள் இவை. ஆண்டுத் தேர்வு வருவதற்குள் பாதி மறந்துவிடும். ‘அமீபாவின் படம் வரைந்து பாகங்களைக் குறிக்க’ என்ற வினா மட்டும் நினைவில் நிற்கும். அமீபாவை எப்படி வரைந்தாலும் சரியாகத்தான் இருக்கும் என்பது எங்கள் வகுப்பில் வழங்கும் வேடிக்கைப் பேச்சு!

ஆயினும் இவ்விரு தொகுதிகளையும் அவ்வளவு எளிதாகக் கடந்து செல்வது முறையன்று என்று எங்களுக்குத் தோன்றிற்று. இவற்றுள் ஒன்றைச் சேர்ந்த சிற்றுயிர் இன்றும் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான குழந்தைகளின் உயிரைக் குடிக்கிறது. மற்றொன்று, தனித்தனிச் செல்கள் கூடி ஓர் உடலாக வாழ்வது எப்படி என்பதை நமக்குக் காட்டுகிறது. ஆகவே பாடத்தில் படித்தவற்றோடு, நூலகத்தில் தேடிக் கிடைத்தவற்றையும் சேர்த்து இங்கே தருகிறோம்.

புரோட்டோசோவாவைப் பற்றிப் படிப்பதற்கு முன் அதைப் பார்த்துவிடுவது நல்லது. இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஒரு பிடி வைக்கோலைச் சிறு துண்டுகளாக நறுக்கித் தண்ணீரில் கொதிக்க வைத்து, ஆறியதும் ஒரு கண்ணாடிச் சாடியில் ஊற்றி மூன்று நான்கு நாள் திறந்தபடி வைக்க வேண்டும். அதன் மேல் மெல்லிய ஆடை படியும். அது பாக்டீரியாக்களின் கூட்டம். இப்போது குளத்து நீரில் ஒரு கரண்டி எடுத்து அதில் விட்டால், ஒரு வாரத்திற்குள் அந்த நீரில் பரமீசியம் பெருகிவிடும். ஒரு சொட்டைக் கண்ணாடி வில்லையில் வைத்து மைக்ராஸ்கோப்பின் கீழ் பார்த்தால் செருப்பின் அடிப்பாகம் போன்ற உருவங்கள் அங்குமிங்கும் ஓடுவது தெரியும். அவற்றின் வேகம் நம் கண்ணைத் தோற்கடிக்கும். அதற்கும் ஒரு வழி உண்டு. பஞ்சின் இழைகள் சிலவற்றைப் பிரித்து அச்சொட்டில் போட்டுவிட்டால், இழைகளுக்கிடையே சிக்கிக்கொண்டு அவை மெதுவாக நகரும்.

இத்தகைய காட்சியை உலகில் முதன்முதலாகக் கண்டவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் துணி வணிகம் செய்துவந்த ஆண்டனி வான் லீவன்ஹுக் என்பவர். தம் கையாலேயே தேய்த்துச் செய்த ஒற்றைக் கண்ணாடி வில்லையின் வழியாக 1674ஆம் ஆண்டு ஏரி நீரைப் பார்த்தபோது, அதில் நுண்ணிய உயிர்கள் நீந்தக் கண்டார். இலண்டன் ராயல் சொசைட்டிக்குத் தாம் கண்டவற்றையெல்லாம் டச்சு மொழியில் கடிதங்களாக எழுதி அனுப்பினார். அவருக்குத் தெரிந்த மொழி அது ஒன்றுதான்! முதலில் அறிஞர்கள் நம்பத் தயங்கினர். தாங்களே பார்த்த பின் ஒப்புக்கொண்டனர். தமக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது அவர் தம் மலத்தையும் விட்டுவைக்கவில்லை. 1681இல் அதில் அவர் கண்டது ஜியார்டியா என்னும் புரோட்டோசோவா என்று இன்றைய அறிஞர் கருதுகின்றனர்.

புரோட்டோசோவா என்ற சொல்லுக்குக் கிரேக்கத்தில் ‘முதல் விலங்கு’ என்று பொருள். இவற்றின் உடல் ஒரே செல்லால் ஆனது. நம் உடலில் செல்கள் வேலையைப் பங்கிட்டுக் கொள்கின்றன. தசைச் செல் சுருங்கும். நரம்புச் செல் செய்தியைக் கடத்தும். குடலின் செல் உணவை உறிஞ்சும். ஒரு செல்லின் வேலையை மற்றொன்று செய்யாது. புரோட்டோசோவாவுக்கோ துணைக்கு ஆளில்லை. சமையல், துணி துவைத்தல், கடைக்குப் போதல், கணக்கு எழுதுதல் ஆகிய அனைத்தையும் ஒருவரே செய்யும் வீட்டைப் போன்றது அது. உண்பது, செரிப்பது, சுவாசிப்பது, கழிவகற்றுவது, நகர்வது, இனம் பெருக்குவது யாவும் அந்த ஒரு செல்லுக்குள்ளேயே நடைபெறுகின்றன. எனவே ‘எளிய உயிர்’ என்று இதைச் சொல்வது எங்களுக்கு அவ்வளவு பொருத்தமாகப் படவில்லை. விலங்குச் செல்களிலேயே மிகவும் சிக்கலான அமைப்புடைய செல்களுள் பரமீசியமும் ஒன்று எனலாம்.

அளவிலும் இவை ஒரே சீராக இல்லை. பரமீசியம் ஒரு மில்லிமீட்டரில் நான்கில் ஒரு பங்கு நீளமுடையது. கூர்ந்து பார்த்தால் வெறுங்கண்ணுக்கே வெண்புள்ளியாகத் தெரியும். மலேரியாவை உண்டாக்கும் பிளாஸ்மோடியமோ நம் இரத்தச் சிவப்பணுவுக்குள்ளேயே குடியிருக்கும் அளவுக்குச் சிறியது.

நன்னீரில் வாழும் புரோட்டோசோவாக்களுக்குச் சுருங்கும் குமிழ் என்ற ஓர் உறுப்பு உண்டு. அது எதற்கு? உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டுவைத்தால் அது உப்புகிறது அல்லவா? அதுபோல் அமீபாவின் உடலுக்குள்ளும் சுற்றியுள்ள நீர் ஓயாமல் புகுந்துகொண்டே இருக்கிறது. வெளியேற்றாவிட்டால் அது வெடித்துவிடும். சுருங்கும் குமிழ் அந்த நீரைச் சேர்த்து வெளியே தள்ளுகிறது, ஓட்டைப் படகிலிருந்து நீரை இறைப்பவனைப் போல. கடலில் வாழும் அமீபாக்கள் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் குமிழ் இல்லை. கடல் நீரின் உப்பு, செல்லினுள் உள்ள உப்புக்கு ஏறத்தாழச் சமமாக இருப்பதே காரணம். பாடத்தில் ஒரு வரியாக வரும் செய்திதான் இது. காரணத்தோடு படித்தால் பிறகு மறப்பதே இல்லை.

இனி, வகைப்பாடு. நம் அன்னையரும் ஆசிரியையரும் படித்த நூல்களில் புரோட்டோசோவாக்கள் இடம்பெயரும் முறையைக் கொண்டு நான்கு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. கற்பதற்கு இன்றும் அதுவே எளிய வழி.

போலிக்கால்களால் நகர்பவை முதல் வகுப்பு. அமீபா இதற்கு எடுத்துக்காட்டு. அது தன் உடலின் ஒரு பக்கத்தை விரல்போல் நீட்டி, உள்ளிருக்கும் சைட்டோபிளாசத்தை அதற்குள் செலுத்தி நகர்கிறது. இரையையும் அவ்வாறே இருபுறமும் அணைத்து விழுங்கிவிடும். இவ்வகுப்பில் ஓடு உடைய ஃபொராமினிஃபெரா என்ற கடலுயிர்களும் உண்டு. இறந்தபின் இவற்றின் சுண்ணாம்பு ஓடுகள் கடலடியில் படிந்து, கோடிக்கணக்கான ஆண்டுகளில் பாறையாகின்றன. எகிப்தின் கீஸா பிரமிடுகளைக் கட்டிய சுண்ணாம்புக் கற்களில் நும்முலைட் என்னும் இவ்வின உயிர்களின் வட்ட ஓடுகள் நிறைந்திருக்கின்றன. அவற்றைக் கண்ட மக்கள், பிரமிடு கட்டியவர்கள் சாப்பிட்டு மிச்சம் வைத்த பருப்பு கல்லாகிவிட்டது என்று பேசிக்கொண்டனராம். பழங்காலப் புவியியல் அறிஞர் ஸ்டிராபோ இதைக் குறித்து வைத்திருக்கிறார்.

அமீபாவின் உறவுகளுள் தீயதும் ஒன்று உண்டு. அது எண்டமீபா ஹிஸ்டோலிட்டிகா. நம் பெருங்குடலில் தங்கிச் சுவரை அரித்து இரத்தமும் சீதமுமாகப் பேதியை உண்டாக்கும். அசுத்தமான நீரிலும், கழுவாத கீரையிலும், ஈ மொய்த்த பண்டத்திலும் இதன் கூடுகள் நம்மை வந்து சேர்கின்றன. ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் நான்கு உட்கருக்கள் இருக்கும். குடிநீரில் வழக்கமாகச் சேர்க்கும் குளோரின் அளவுக்கு இந்தக் கூடு எளிதில் அசைந்து கொடுப்பதில்லை. ஆனால் கொதிநீரில் மடிந்துவிடும். தளதளவென்று கொதிக்கும் முன்பே அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கி, ‘வெந்நீர்தானே’ என்று குடிப்பதில் பயனில்லை. பெற்றோர்கள் இதைப் படிப்பார்கள் என்பதால் சற்று அழுத்தியே எழுதுகிறோம்.

இரண்டாம் வகுப்பு கசையிழை உடையவை. சாட்டை போன்ற நீண்ட இழையை அடித்து நீந்துபவை இவை. யூக்ளினா இவற்றுள் புகழ் பெற்றது. அதற்குப் பச்சையம் உண்டு. வெயிலில் தானே உணவு தயாரிக்கும். வெளிச்சம் இல்லாவிட்டால் நீரில் கரைந்துள்ள உணவை உறிஞ்சியும் வாழும். இதனால் தாவரவியல் ஆசிரியையும் விலங்கியல் ஆசிரியையும் இதைத் தத்தம் பாடத்தில் சேர்த்துக்கொள்கின்றனர். படம் வரைவதென்னவோ நாம்தான், இரண்டு முறை! கடலில் வாழும் நாக்டிலூக்காவும் கசையிழை உடையதே. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் இரவில் நீலமாக ஒளிர்ந்ததைச் செய்தித்தாள்களில் பலரும் கண்டிருப்பார்கள். அந்த ஒளி இவ்வுயிரினுடையது. அலை மோதும்போது ஒவ்வொரு செல்லும் ஒரு கணம் மின்னி அணையும்.

இவ்வகுப்பின் வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. கருங்காய்ச்சல் என்னும் காலா அசார் நோயில் மண்ணீரல் வீங்கி, உடல் மெலிந்து, நோயாளி இறப்பது அக்காலத்தில் வழக்கமாக இருந்தது. அது மலேரியாவின் ஒரு வகையே என்று பலர் கருதினர். 1903இல் வில்லியம் லீஷ்மன் என்ற இராணுவ மருத்துவர், இந்தியாவிலிருந்து திரும்பி இறந்துபோன ஒரு படைவீரரின் மண்ணீரலில் தாம் கண்ட நுண்ணுயிரைப் பற்றி எழுதினார். அதே ஆண்டில் சென்னையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன் என்ற மருத்துவர், உயிரோடு இருந்த நோயாளியின் மண்ணீரலிலிருந்தே அதை எடுத்துக் காட்டினார். இருவர் பெயரும் சேருமாறு லீஷ்மேனியா டோனவனி என்று ரொனால்டு ராஸ் பெயர் சூட்டினார். மணல் ஈ என்னும் சிறு பூச்சி இதைப் பரப்புகிறது.

மூன்றாம் வகுப்பு குறுயிழை உடையவை. நாம் வைக்கோல் நீரில் கண்ட பரமீசியம் இதைச் சேர்ந்தது. உடல் முழுதும் ஆயிரக்கணக்கான குறுயிழைகள் காற்றில் அசையும் நெற்கதிர்போல் வரிசையாக அசைகின்றன. இதற்குப் பெரியது ஒன்றும் சிறியது ஒன்றுமாக இரண்டு உட்கருக்கள். பெரியது அன்றாட வேலையைக் கவனிக்கும். சிறியது இனப்பெருக்கத்துக்கு உரியது. ஈஸ்ட்டைக் காங்கோ சிவப்புச் சாயத்தில் கொதிக்கவைத்துப் பரமீசியத்துக்கு உணவாகக் கொடுத்தால் ஒரு வேடிக்கை காணலாம். விழுங்கிய ஈஸ்ட் உணவுக் குமிழுக்குள் முதலில் சிவப்பாக இருக்கும், பின் நீலமாகும், பின்னர் மீண்டும் சிவப்பாகும். குமிழுக்குள் முதலில் அமிலம் சுரந்து பிறகு அது குறைவதை இந்த நிறமாற்றம் சொல்லிவிடுகிறது. நம் இரைப்பையிலும் சிறுகுடலிலும் நடப்பதும் இதே வரிசைதான்.

நான்காம் வகுப்பு ஸ்போரோசோவா. இவை எல்லாமே ஒட்டுண்ணிகள். வளர்ந்த நிலையில் நகர்வதற்கென்று தனி உறுப்பு இல்லை. பிறர் வீட்டில் உட்கார்ந்து உண்பவர்களுக்குக் கால் எதற்கு? இவ்வகுப்பின் தலைமை உறுப்பினர் பிளாஸ்மோடியம். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

மலேரியா என்ற சொல்லுக்கு இத்தாலிய மொழியில் ‘கெட்ட காற்று’ என்று பொருள். சதுப்பு நிலத்துக் காற்றால் வரும் காய்ச்சல் என்று நூற்றாண்டுகளாக நம்பினர். 1880இல் அல்ஜீரியாவில் லவெரான் என்ற பிரெஞ்சு இராணுவ மருத்துவர் காய்ச்சல்காரரின் இரத்தத்தில் அசையும் உயிரைக் கண்டார். அது உடலுக்குள் எவ்வாறு புகுந்தது என்பது மட்டும் புதிராகவே இருந்தது. இமயமலை அடிவாரத்து அல்மோராவில் பிறந்து, இந்திய மருத்துவப் பணியில் இருந்த ரொனால்டு ராஸ் அப்புதிரை அவிழ்க்க முற்பட்டார். நூற்றுக்கணக்கான கொசுக்களை அறுத்துப் பார்த்தும் ஒன்றும் கிட்டவில்லை. இடையில் நீலகிரியின் சீகூர் மலைப்பாதைப் பக்கம் சென்றபோது அவரையே மலேரியா பற்றிக்கொண்டது. இறுதியில் 1897 ஆகஸ்டு 20ஆம் நாள் செகந்தராபாத்தில், நோயாளியைக் கடிக்கவிட்டிருந்த ஒரு கொசுவின் இரைப்பைச் சுவரில், கருநிறத் துகள்கள் கொண்ட உருண்டைச் செல்களைக் கண்டார். அவை பிளாஸ்மோடியத்தின் வளர்நிலைகள். 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. லவெரானுக்கு 1907இல் கிடைத்தது.

பிளாஸ்மோடியத்தின் வாழ்க்கைச் சுழற்சியை இரு வீடுகளில் நடக்கும் கதையாக நினைவில் வைத்துக்கொள்ளலாம். பெண் அனாஃபெலிஸ் கொசு கடிக்கும்போது அதன் உமிழ்நீரோடு ஸ்போரோசாய்ட்டுகள் நம் உடலில் புகுந்து நேரே கல்லீரலுக்குச் செல்கின்றன. அங்கே சத்தமின்றிப் பெருகுகின்றன. இந்நாட்களில் நமக்கு ஒன்றும் தெரியாது. பிறகு இரத்தத்தில் இறங்கிச் சிவப்பணுக்களுக்குள் நுழைந்து, அங்கும் பெருகி, ஒரே சமயத்தில் அவற்றை உடைத்துக்கொண்டு வெளிவருகின்றன. அப்போதுதான் பல்லைக் கிட்டும் குளிரும், அதன்பின் கொதிக்கும் காய்ச்சலும், பின்னர் வியர்வையும் வருகின்றன. ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல் வருவதன் காரணம் இதுவே. வைவாக்ஸ் இனத்துக்குச் சிவப்பணுவில் ஒரு சுற்று முடிய 48 மணி நேரமும், மலேரியே இனத்துக்கு 72 மணி நேரமும் ஆகின்றன. சிவப்பணுக்களில் உருவாகும் ஆண், பெண் செல்களைக் கொசு உறிஞ்சும்போது கதை இரண்டாம் வீட்டுக்கு மாறுகிறது. அவை கொசுவின் இரைப்பையில் இணைந்து, சுவரில் உருண்டையாகத் தங்கி, மீண்டும் ஸ்போரோசாய்ட்டுகளாகி உமிழ்நீர்ச் சுரப்பியை அடைகின்றன.

நம் நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டு வாக்கில் இந்தியாவில் ஆண்டுதோறும் 7 கோடியே 50 லட்சம் பேர் மலேரியாவால் வருந்தியதாகவும், 8 லட்சம் பேர் இறந்ததாகவும் மதிப்பிட்டுள்ளனர். டி.டி.டி. தெளித்து மேற்கொண்ட பெரு முயற்சியால் 1965இல் நோயாளர் எண்ணிக்கை ஏறத்தாழ ஒரு லட்சமாகக் குறைந்தது. ‘ஒழிந்தது’ என்று எண்ணியிருந்த வேளையில் கொசுக்கள் மருந்துக்குப் பழகிவிட்டன, விழிப்பும் தளர்ந்தது. 1976இல் 64 லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு நோய் கண்டது. இன்று அந்நிலை வெகுவாகக் குறைந்திருக்கிறது. உலகக் கணக்கு மட்டும் இன்னும் துயரமானது. 2022இல் உலகெங்கும் மலேரியாவால் இறந்தோர் சுமார் 6 லட்சம் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

சென்னை போன்ற நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனாஃபெலிஸ் ஸ்டீபன்சி என்ற கொசு சாக்கடையில் வளர்வதில்லை. மூடாத மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் உள்ள நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. தொட்டியின் மூடி உடைந்திருந்தால் அதை இந்த வாரமே மாற்றிவிட வேண்டும்.

மருந்தின் கதையிலும் நீலகிரி வருகிறது. கொயினா மருந்து தரும் சிங்கோனா மரங்களை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசினர் பயிரிட்டனர். அண்மைக்காலத்தில் உயிர் காக்கும் மருந்தைக் கண்டுபிடித்தவர் ஒரு பெண்மணி என்பதைத் தோழியர் கவனிக்க வேண்டும். சீன நாட்டின் தூ யூயூ பழைய சீன மருத்துவ நூல்களைப் புரட்டி, காய்ச்சலுக்கு ஒருவகை மாசிப்பத்திரிச் செடியைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும் குறிப்பைக் கண்டார். கொதிக்க வைத்தால் மருந்துச் சத்து அழிந்துவிடும் போலும் என்று ஊகித்து, குறைந்த வெப்பத்தில் ஈதர் கொண்டு சாற்றைப் பிரித்தார். 1972இல் முதலில் தம்மேலேயே அதைச் சோதித்துப் பார்த்துக்கொண்டார். அதுவே ஆர்டிமிசினின். 2015இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. 2021இல் குழந்தைகளுக்கான முதல் மலேரியாத் தடுப்பூசியையும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்துள்ளது.

ஒரு செய்தி இங்கே சொல்லியாக வேண்டும். மேலே கூறிய நான்கு வகுப்புகள் இன்றைய அறிஞரிடையே அப்படியே வழக்கில் இல்லை. போலிக்கால் நீட்டுவதாலேயே இரண்டு உயிர்கள் உறவாகிவிடா என்பது மரபுப்பொருளை ஒப்பிட்டதில் தெளிவாயிற்று. அமீபாவும் ஃபொராமினிஃபெராவும் வெகுதூரத்துச் சொந்தம். குறுயிழை உடைய பரமீசியமோ ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியத்துக்கு நெருங்கிய உறவாகிவிட்டது! 1969இல் விட்டேக்கர் வகுத்த ஐந்து உலகப் பாகுபாட்டில் புரோட்டோசோவாக்கள் விலங்குகளிலிருந்து பிரிந்து புரோட்டிஸ்டா என்னும் உலகில் சேர்ந்தன. ‘முதல் விலங்கு’ என்ற பெயர் மட்டும் பழக்கத்தால் நிலைத்துவிட்டது.

இனிக் கடற்பஞ்சுகளைப் பார்ப்போம். புரோட்டோசோவாவிலிருந்து இங்கே வர ஒரு பாலம் இருக்கிறது. நீரில் வாழும் ஒருவகைக் கசையிழை உயிர்களுக்குக் கசையிழையைச் சுற்றிச் சட்டைக் கழுத்துப்பட்டை போன்ற மெல்லிய வளையம் உண்டு. ஹென்றி ஜேம்ஸ் கிளார்க் என்ற அமெரிக்கர் 1860களில் இவற்றை ஆராய்ந்தபோது, கடற்பஞ்சின் உட்சுவரில் உள்ள செல்களும் அச்சு அசலாக இவற்றைப் போலவே இருப்பதைக் கண்டு வியந்தார். அந்த ஒற்றுமை தற்செயலானதன்று. கழுத்துப்பட்டை உயிர்களே விலங்குகள் அனைத்துக்கும் மிக நெருங்கிய ஒருசெல் உறவினர் என்று இன்று ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. அமெரிக்காவில் நிக்கோல் கிங் என்ற பெண் விஞ்ஞானியும் அவர் குழுவினரும் 2008இல் இவற்றின் மரபுத்தொகுதியை வெளியிட்டனர். விலங்குகளின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் புரதங்களுக்கான மரபணுக்கள், தனியே வாழும் அந்த ஒற்றைச் செல்லிலும் இருந்தன.

கடற்பஞ்சு நகர்வதில்லை, தொட்டால் சிணுங்குவதில்லை, வாயும் இல்லை, வயிறும் இல்லை. ஆகவே நெடுங்காலம் இதைத் தாவரம் என்றே பலர் எண்ணினர். எடின்பரோவில் இராபர்ட் கிரான்ட் 1825 வாக்கில் உயிருள்ள கடற்பஞ்சைக் கடல்நீரில் வைத்து உற்றுப் பார்த்தார். அதன் பெரிய துளை வழியாக நீர் ஊற்றுப்போல் இடைவிடாமல் வெளியேறியது. உள்ளே போன நீர் எங்கிருந்து போயிற்று? உடல் முழுதும் உள்ள எண்ணற்ற நுண்துளைகள் வழியாக! அதனால் இத்தொகுதிக்குப் பொரிஃபெரா, அதாவது துளையுடலிகள் என்ற பெயர் ஏற்பட்டது.

உட்செல்லும் நுண்துளைகளுக்கு ஆஸ்டியா என்றும், வெளியேறும் பெருந்துளைக்கு ஆஸ்குலம் என்றும் பெயர். உள்ளே கழுத்துப்பட்டைச் செல்கள் கசையிழைகளை அடித்துக்கொண்டே இருப்பதால் நீரோட்டம் உண்டாகிறது. நீரோடு வரும் பாக்டீரியாக்களையும் நுண்ணுணவையும் அவை வடிகட்டி விழுங்குகின்றன. ஒவ்வொரு செல்லும் தனக்குள்ளேயே செரிக்கிறது, புரோட்டோசோவாவைப் போலவே. சுண்டுவிரல் அளவுள்ள லூக்கோனியா என்னும் கடற்பஞ்சு ஒரு நாளில் 20 லிட்டருக்கு மேற்பட்ட நீரை வடிகட்டுவதாகக் கணக்கிட்டுள்ளனர். ஒரு பெரிய குடம் தண்ணீருக்கும் அதிகம் இது!

நீர்க்குழாய் அமைப்பில் மூன்று படிகள் உண்டு. ஆஸ்கான் வகை ஒரு வெறும் குழாய். சைக்கான் வகையில் குழாயின் சுவர் மடிப்பு மடிப்பாக இருக்கும். லூக்கான் வகையில் மடிப்புக்குள் மடிப்பாகச் சிற்றறைகள் நிறைந்திருக்கும். மடிப்பு கூடக்கூடக் கழுத்துப்பட்டைச் செல்களுக்கு இடம் கூடும். நம் சிறுகுடலில் குடலுறிஞ்சிகள் இருப்பதன் காரணமும் இதுவே என்று ஆசிரியை சொன்னபோது இரண்டு பாடங்கள் ஒரே நாளில் விளங்கின.

எலும்பில்லாத இவ்வுடலைத் தாங்குவது எது? நுண்முட்களும் ஸ்பாஞ்சின் என்னும் நாரும். வகைப்பாடும் இவற்றையே அடிப்படையாகக் கொண்டது. சுண்ணாம்பு முட்கள் உடையவை கல்கேரியா. ஆறு கதிருள்ள சிலிக்கா முட்கள் உடையவை ஹெக்ஸாக்டினெல்லிடா, அதாவது கண்ணாடிப் பஞ்சுகள். சிலிக்கா முள்ளோ ஸ்பாஞ்சின் நாரோ இரண்டுமோ உடையவை டெமோஸ்பாஞ்சியா. இதுவரை அறியப்பட்ட 9,000க்கு மேற்பட்ட இனங்களில் பெரும்பகுதி இந்த மூன்றாம் வகுப்பில்தான் அடங்கும். அண்மையில் ஹோமோஸ்கிளிரோமார்ஃபா என்ற சிறு குழுவை நான்காம் வகுப்பாகப் பிரித்துள்ளனர்.

ஸ்பாஞ்சின் நார் மட்டுமே கொண்ட மத்தியதரைக் கடல் இனங்களின் எலும்புக்கூடுதான் குளிக்கப் பயன்பட்ட பழைய ‘ஸ்பாஞ்ச்’. கிரேக்கத் தீவுகளின் மூழ்காளர்கள் உயிரைப் பணயம் வைத்து அவற்றை எடுத்துவந்தனர். நம் ஆண்டவரின் பாடுகளின் வரலாற்றில் காடியில் தோய்த்து நீட்டப்பட்டதும் இத்தகைய கடற்பஞ்சே.

கண்ணாடிப் பஞ்சுகளில் ‘வீனஸின் பூக்கூடை’ என்று ஒன்று உண்டு. பிலிப்பைன்ஸ், ஜப்பான் பக்கத்து ஆழ்கடலில் வாழ்வது. வெள்ளிக் கம்பியால் பின்னிய நீள்கூடை போன்றிருக்கும். சிறு பருவத்தில் ஓர் ஆண் இறாலும் ஒரு பெண் இறாலும் கண்ணி வழியாக உள்ளே நுழைந்து, வளர்ந்தபின் வெளியேற முடியாமல் ஆயுள் முழுதும் அங்கேயே வாழ்ந்துவிடுகின்றன. இதனால் ஜப்பானில் மணமக்களுக்கு இந்தக் கூடையைப் பரிசளிக்கும் வழக்கம் இருந்தது. (சிறை வைத்ததைத் திருமணப் பரிசாகக் கொடுப்பது எங்களில் சிலருக்கு ஒப்பவில்லை; அது தனி வாதம்.) இதன் அடியில் உள்ள கண்ணாடி முட்கள் ஒளியைக் கடத்தும் இழைகளைப் போல் செயல்படுவதை ஜொயானா ஐசன்பெர்க் என்ற பெண் விஞ்ஞானியும் உடன் உழைத்தவர்களும் 2003இல் வெளிப்படுத்தினர். மனிதன் உலையில் பெரும் வெப்பத்தில் செய்வதை இவ்வுயிர் குளிர்ந்த கடலடியில் செய்துவிடுகிறது.

இத்தொகுதியில் எங்கள் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது 1907இல் வில்சன் என்ற அமெரிக்கர் செய்த சோதனை. உயிருள்ள சிவப்புக் கடற்பஞ்சு ஒன்றை அவர் மெல்லிய பட்டுத் துணியில் வைத்துக் கடல்நீருக்குள் பிழிந்தார். துணியின் கண்கள் வழியாகச் செல்கள் தனித்தனியாகச் சிதறிச் செந்தூள் போல் பாத்திரத்தின் அடியில் படிந்தன. பெரும்பாலான விலங்குகளை இப்படிப் பிழிந்தால் அத்தோடு கதை முடிந்தது. ஆனால் அச்செல்கள் அமீபாவைப் போல் ஊர்ந்து, ஒன்றையொன்று தொட்டு, சிறு கட்டிகளாகச் சேர்ந்தன. நாட்கள் செல்லச் செல்ல அக்கட்டிகளில் அறைகளும் குழாய்களும் துளைகளும் தோன்றின. மீண்டும் நீர் ஓடலாயிற்று! பிற்காலத்தில் இருவேறு நிறமுள்ள இனங்களின் செல்களைக் கலந்தும் பார்த்தனர். தக்க இனங்களாக இருந்தால் அவை தம்மினத்தைத் தாமே இனங்கண்டு பிரிந்து சேர்ந்தன. செல் எவ்வாறு தன்னைச் சேர்ந்ததை அறிகிறது என்ற வினா இச்சோதனையால் கூர்மையடைந்தது. உறுப்பு மாற்றுச் சிகிச்சையில் நம் உடல் பிறர் சிறுநீரகத்தை ஏன் ஏற்க மறுக்கிறது என்பதும் அதே வகை வினாவே.

ஓடி ஒளிய முடியாத கடற்பஞ்சு தன்னைக் காத்துக்கொள்ள நச்சுப் பொருள்களைச் சுரக்கிறது. அவற்றிலிருந்து மனிதனுக்கு மருந்து கிடைத்தது. 1950களின் தொடக்கத்தில் வெர்னர் பெர்க்மன் கரீபியக் கடற்பஞ்சு ஒன்றில் கண்ட பொருள்களின் வழியே, இரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் சைட்டராபின் உருவாயிற்று. 1969இல் அது மருந்தாக அனுமதி பெற்றது. ஜப்பானியக் கடற்பஞ்சில் கிடைத்த மற்றொரு பொருளைப் பின்பற்றிச் செய்த எரிபுலின் 2010 முதல் மார்பகப் புற்றுநோய்க்குப் பயன்படுகிறது.

இவ்விரு தொகுதிகளையும் ஒரே நூலுக்குள் சேர்த்து எழுதியவர் லிபி ஹைமன் என்ற அமெரிக்கப் பெண்மணி. முதுகெலும்பற்றவை பற்றிய அவருடைய பெருநூலின் முதல் தொகுதி 1940இல் வெளிவந்தது. புரோட்டோசோவாவில் தொடங்குவது அது. ஆறு தொகுதிகளை எழுதி முடிக்க 1967 வரை ஆயிற்று. சம்பளம் ஏதுமின்றி, தாம் முன்பு எழுதிய ஆய்வுக்கூடக் கையேடுகளின் வருவாயில் வாழ்ந்துகொண்டே அவர் இதைச் செய்தார். விலங்கியலில் பெண்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்கும் மாமாக்களுக்கு நாங்கள் சொல்லும் பெயர் இதுவே.

நம் மன்னார் வளைகுடாவிலும் கடற்பஞ்சுகள் மிகுதி. அவற்றில் கிளையோனா என்னும் துளைபோடும் இனம் சங்கிலும் முத்துச்சிப்பியிலும் சிறு துளைகளிட்டு உள்ளே குடியேறிவிடும். கடற்கரையில் பொறுக்கிய சிப்பியில் சல்லடைபோல் வட்டத் துளைகள் இருந்தால், அநேகமாக அது இதன் வேலை.

கடலுக்குப் போக இயலாதவர்களும் கடற்பஞ்சின் உறவைப் பார்க்கலாம். நம் ஊர்க் குளங்களிலும் வாய்க்கால்களிலும் ஸ்பாஞ்சில்லா முதலிய நன்னீர்ப் பஞ்சுகள் உண்டு. நீரில் மூழ்கிய சுள்ளியிலோ மதகின் கல்லிலோ பச்சையாகவோ பழுப்பாகவோ சொரசொரப்பான பொருக்குப்போல் ஒட்டியிருக்கும். பாசி என்று எண்ணிக் கடந்துவிடுவோம். கோடையில் நீர் வற்றும்போது உடல் அழிந்துபோகும். அதற்குமுன் கடுகினும் சிறிய ஜெம்யூல் என்னும் உருண்டைகளை அது உண்டாக்கி வைக்கிறது. தடித்த உறைக்குள் செல்களின் திரளொன்று உறங்கிக்கொண்டிருக்கும். வெடித்த சேற்றில் வெயிலைத் தாங்கிக் கிடந்து, மழை பெய்து குளம் நிறைந்ததும் உறையின் சிறு துளை வழியாகச் செல்கள் ஊர்ந்து வெளிவந்து புதிய பஞ்சாகக் கூடும். உயிருள்ள துண்டு ஒன்று கிடைத்தால், குளத்து நீரோடு கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து, அருகே மிகச் சிறிதளவு பால் கலந்த நீரைச் சொட்டுக் குழாயால் விட்டுப் பார்க்கலாம். அந்த வெண்மை நுண்துளைகளுக்குள் இழுக்கப்பட்டு, சற்றுப் பொறுத்து ஆஸ்குலம் வழியே புகைபோல் மேலெழுந்து வரும். நுண்முட்கள் கையில் குத்தி அரிப்பை உண்டாக்கும் ஆதலால் தொட்டவர்கள் கண்ணைக் கசக்காமல் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ள வேண்டும்.